புள்ளிகள் தனியாக வந்தன

பெப்ரவரி. புயல் எச்சரிக்கை, வகை இரண்டு.
போர்ட் லூயி துறைமுகத்தின் பின்புறம்
பழைய சர்க்கரைக் கிடங்கு ஒன்றில்
நாளை மறுநாள் ஆசியா திறக்கிறது.

நான் சுவரில் எழுத்து ஒட்டுபவள்.
ஆங்கிலம் ஒட்டினேன். பிரெஞ்சு ஒட்டினேன்.
சீனத்தைத் தலைகீழாய் ஒட்டி
மதாம் ஆ-கீ பார்ப்பதற்குள்
உரித்து மறுபடி ஒட்டினேன்.
கடைசிச் சுருள் தமிழ்.
பிரித்தால் ஒரு புள்ளியும் இல்லை.
அச்சகத்து இயந்திரம்
அத்தனையும் அழுக்கென்று நினைத்துத்
துடைத்துவிட்டதாம்.

மண் மண என்றிருந்தது.
கல் கல என்றிருந்தது.
தொடாதீர்கள் என்ற கட்டளை
தொடாதீரகள என்று
பல் போன வாயால் கெஞ்சியது.

"யாருக்குத் தெரியப்போகிறது?" என்றான்
காவலுக்கு நிற்கும் ரெஜி சூப்பென்.
பொய்யில்லை.
எங்கள் ரூபாய்த் தாளில் தமிழ் இருக்கிறது.
அதை நீட்டி ரொட்டி வாங்கும் யாரும்
படித்துப் பார்த்துவிட்டு நீட்டுவதில்லை.
நானே ஆறாம் வகுப்போடு தமிழை நிறுத்தியவள்.
ஆனாலும் புள்ளி விட்ட இடமெல்லாம்
நோட்டில் விழுந்த சிவப்பு வட்டங்கள்
இன்னும் கண்ணுக்குள் உருள்கின்றன.

மூன்றாம் பேழையில் ஓர் ஓலைச்சுவடி.
ஆறு மாதக் கடன்.
ஈரப்பதம் அறுபதைத் தாண்டினால் அலறும் பெட்டி.
குனிந்து பார்த்தேன்: அதிலும் புள்ளி இல்லை.
குத்தினால் ஓலை கிழியும் என்று
எழுதியவர் விட்டுவிட்டார்.
படித்தவர்கள் புள்ளியை
வாயிலேயே வைத்திருந்தார்கள்.

எதிரே, ஈப்போவிலிருந்து வந்த
ஹுய் லின்னின் இரண்டு ஜாடிகள்.
ஒன்று நீலப்பூப் பீங்கான். முந்நூறு வயது. கண்ணாடிக்குள்.
மற்றது அதே கழுத்து, அதே இடுப்பு,
எங்கள் தீவின் பழுப்புச் சர்க்கரையில் வார்த்தது.
கண்ணாடி கிடையாது.
பீங்கானுக்குக் காப்பீடு பதினெட்டுப் பக்கம்.
சர்க்கரைக்கு ஒரு சொல்:
கரையலாம்.

மறுநாள் மதியம் புள்ளிகள் தனியாக வந்தன.
ஒரே தாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு.
உறையின் மேல் "உதிரி பாகம்" என்று பெயர்.
ஏணியில் உட்கார்ந்து
இடுக்கியால் ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தேன்.
புள்ளி விழுந்ததும் எழுத்திலிருந்து
உயிர் போய்விடுகிறது. மெய் நிற்கிறது.
இரவு பதினொன்று வரை
இப்படி எத்தனை உயிர்களை எடுத்தேனோ,
கழுத்து வலித்தது.

பன்னிரண்டரைக்கு எறும்புகள் வந்தன.
கிடங்கின் கருங்கல் இடுக்கிலிருந்து,
மூட்டைகள் போன நாளிலிருந்தே
காத்திருந்தவை போல,
அவசரமே இல்லாமல்.
மதாம் ஆ-கீ மருந்துக் குப்பியைத் தூக்கினார்.
நான் ஈப்போவுக்குப் போன் போட்டேன்.
புயலால் விமானம் ரத்தாகி
வீட்டிலேயே தங்கிவிட்ட ஹுய் லின்
தூக்கக் குரலில் கேட்டாள்: "எத்தனை?"
எண்ண முடியாது என்றேன்.
"அப்படியானால்
மூலப்பொருளில் சேர்த்துவிடு."

சுருளில் மிஞ்சிய எழுத்துகளை வெட்டி
அட்டையை மாற்றினேன்:
சர்க்கரை, ஈரம், எறும்பு.
நாலு புள்ளி வேண்டும்.
கையில் இருந்தது மூன்று.
ஏணியின் கீழ் தேடினேன், செருப்பின் அடியில் தேடினேன்,
ரெஜி தன் டார்ச்சால்
என் தலைமயிரில்கூடத் தேடினான்.

எறுமபு.

அப்போது வரிசை தவறிய ஒன்று
சுவரேறி வந்தது.
அட்டையின் மேல் அலைந்தது.
ம-வின் தலைக்கு மேல் நின்று
மீசையைத் துடைத்துக்கொண்டது.
அந்த ஒரு கணம்
அந்தச் சொல்லில் பிழையில்லை.

பிறகு அது
தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

ரெஜி முட்டி போட்டு உட்கார்ந்து
எறும்புகளிடம் சொன்னான்: "பா தூசே."
எங்கள் கிரியோலில் தொடாதே என்று அர்த்தம்.
தமிழ்க் காதுக்கு அது வெறும் தூசு.
அவை இரண்டு மொழியையும் கேட்கவில்லை.
சர்க்கரை ஜாடியின் விளிம்பில்
ஒரு விரல் அகலம் குறைந்திருந்தது.
வெளியே மழை,
கிடங்கின் தகரத்தில்
ஓயாமல் புள்ளி வைத்துக்கொண்டிருந்தது.